வெள்ளி கறுத்த வீடு

கெமிஸ்ட்ரி சார் சட்டைப்பையிலிருந்து ஒரு கால் ரூபாயை எடுத்து எங்களுக்குக் காட்டினார். நல்ல வெள்ளிக் காசு, ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. அதைக் கம்பியில் கட்டி ஒரு கண்ணாடி ஜாடிக்குள் இறக்கினார். ஜாடிக்குள் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் நாற்றம் மட்டும் கூமுட்டையை உடைத்து மூக்கில் தேய்த்த மாதிரி இருந்தது. முன் பெஞ்சுக்காரர்கள் வேட்டி நுனியால் மூக்கை மூடிக்கொண்டார்கள். பின் பெஞ்சில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து "நீயாடா?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது.

காசு முதலில் மஞ்சள் பூத்தது. பிறகு பழுப்பானது. நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் மை பூசியதுபோல் கறுத்துவிட்டது.

"காசு போச்சே சார்!"

"காசு எங்கப்பா போச்சு? மேலாக்க மாறியிருக்கு, அவ்ளோதான். உள்ள இருக்கறது அதே வெள்ளி" என்றவர், தன் விரல் மோதிரத்தைக் கழற்றி அதே ஜாடிக்குள் இறக்கினார். அது தங்கம். எத்தனை நேரம் வைத்திருந்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை. அக்கா அஞ்சலையின் கால் கொலுசு கண் முன்னால் வந்து நின்றது. அந்தக் கொலுசு கறுத்ததால்தான் அவளைப் புருஷன் வீட்டில் வேண்டாம் என்று அனுப்பியிருந்தார்கள். நான் பாதி வகுப்பில் எழுந்து வெளியே போனேன். நாற்றம் தாங்காமல் வாந்தி எடுக்கப் போகிறேன் என்று சார் நினைத்திருப்பார்.

முன்கோபிகளும் சாதுக்களும்

போன வாரம் இந்தப் பத்தியில் வேலூர் விடுதிச் சாப்பாட்டைத் திட்டி எழுதியதற்குச் சில நண்பர்கள் கோபித்துக்கொண்டார்கள். இந்த வாரம் பாடம் நடத்தப் போகிறேன் என்று ஓடிவிட வேண்டாம். ஆயுள் முழுக்க கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவனுக்கு இந்தச் சபலம் விடாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் அக்கா கதை புரியாது.

உலோகங்களில் சிலது மகா முன்கோபி. சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடும், சில நேரம் தீப்பிடிக்கும். அதனால் அதை மண்ணெண்ணெயில் முக்கி வைக்க வேண்டும். இரும்பு அவ்வளவு மோசமில்லை. ஈரம் பட்டால் முணுமுணுத்துக்கொண்டே துருப்பிடிக்கும். செம்பு இன்னும் பொறுமைசாலி. வெள்ளி சாது, தங்கம் அதைவிடச் சாது.

கந்தகம், குளோரின், ஆக்சிஜன் போன்ற அலோகங்கள் வேறு விதம். உலோகம் கொடுக்கப் பார்க்கும், அலோகம் வாங்கப் பார்க்கும். இரண்டும் சேர்ந்தால் புதிதாக ஒன்று பிறக்கும், பழைய நிறமும் குணமும் போய்விடும். கல்யாணச் சம்பந்தம் மாதிரிதான் என்று வகுப்பில் சொல்வேன். பையன்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

வெள்ளி தண்ணீருக்கு அசையாது, புளிக்கு அசையாது. ஆனால் கந்தகத்திடம் மட்டும் அதன் சாதுத்தனம் செல்லாது. காற்றில் துளி கந்தக வாயு இருந்தாலும் போதும், கறுத்துவிடும். இந்த ஒரு வரி எங்கள் குடும்பத்தில் யாருக்காவது தெரிந்திருந்தால் அக்கா வாழ்க்கை பிழைத்திருக்கும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

கரும்புள்ளி விழுந்த தோல்

எங்களுக்குக் கணியம்பாடிப் பக்கம். கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, வேர்க்கடலை, கேழ்வரகு. அக்காவை ஆம்பூரில் ஏகாம்பரம் என்பவருக்குக் கொடுத்தோம். தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு அவர்தான் மேஸ்திரி. அதிகம் பேசமாட்டார். சிரித்தால் மட்டும் முகம் முழுக்கச் சிரிப்பார். அவர் அம்மா கன்னியம்மாவுக்கு அவர் ஒரே பிள்ளை. கன்னியம்மா சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். அவரும் அதே கம்பெனியில் தோல் ஊறப்போடும் பட்டையை இடித்துத்தான் பிள்ளையை வளர்த்தார். கம்பெனிச் சுவரை ஒட்டினாற்போல வீடு. சுண்ணாம்புத் தொட்டிக் கழிவு போகிற கால்வாய் அவர்கள் புழக்கடை ஓரமாகத்தான் போகும்.

அந்தத் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு விதி உண்டு. ஆவாரம்பட்டை ஊறும் தொட்டி பக்கம் இரும்பைக் கொண்டுபோகக் கூடாது. துருப்பிடித்த ஓர் ஆணி விழுந்தாலும் போதும், பட்டைச் சாறும் இரும்பும் சேர்ந்து தோலில் கறுப்பாகப் புள்ளி விழும். எத்தனை தேய்த்தாலும் போகாது. நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் காய்ச்சி மை செய்தோமே, அதே கறுப்புதான். அந்த மை பட்ட என் வேட்டிகளை அம்மா கடைசிவரை கரிக்கந்தையாகத்தான் பயன்படுத்தினாள்.

ஒரு தோலில் புள்ளி தெரிந்தால் உடனே அதை உருவி வெளியே போடுவார்கள். பக்கத்துத் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். முதலில் வெளியே போடுவது, பிறகுதான் ஆணி எங்கே என்று தேடுவது. கன்னியம்மா இந்த விதியோடு வாழ்ந்தவர். கறுப்பு தெரிந்தால் உள்ளே ஏதோ கெட்டது இருக்கிறது, அது மற்றவர்களையும் கெடுக்கும். அவர் கெட்டவர் இல்லை. இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சொக்க வெள்ளி

கல்யாணத்துக்குச் சற்று முன்புதான் அந்தக் கம்பெனிக்குப் புது மருந்து ஒன்று வந்திருந்தது. சுண்ணாம்போடு கலந்து போட்டால், பல நாள் ஊறவேண்டிய தோலில் மயிர் ஒரே நாளில் கூழாகிவிடும். அதில் கந்தகம் இருந்தது. இது எனக்கு வெகு நாள் கழித்துத் தெரிந்த விஷயம். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மாப்பிள்ளை சட்டையில் புதிதாக ஒரு நாற்றம் வருகிறது என்பதுதான். அந்தச் சட்டைகளை அக்காதான் தினமும் துவைத்தாள்.

போன கொஞ்ச நாளிலேயே அவள் கொலுசும் மெட்டியும் கறுத்தன. அந்த வீட்டில் வெள்ளி போட்டிருந்தவள் அவள் ஒருத்திதான். மாமியார் காலில் ஒன்றும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஜோடிக் கால் இல்லை.

முதலில் சந்தேகம் வெள்ளி மேல்தான் விழுந்தது. "ஈயம் கீயம் கலந்து அடிச்சிட்டாங்களா பாருங்க சம்மந்தி" என்று கன்னியம்மா ஆள் விட்டுச் சொன்னார். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எம் பொண்ணுக்கு நான் கலப்படம் போடுவனா?" என்று கத்தினார். ஏகாம்பரத்தையும் கன்னியம்மாவையும் வேலூருக்கு வரவழைத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே கொலுசைப் பத்தரிடம் கொடுத்தார்.

பத்தர் உரைகல்லில் உரசினார். அரத்தால் ஓரத்தை ராவினார். மேலே திராவகம் விட்டுப் பார்த்தார். "சொக்க வெள்ளி. யார் சொன்னா கலப்படம்னு?"

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அந்த நிமிஷத்தில் அவர் ஜெயித்துவிட்டார்.

"அப்ப ஏன் கறுக்குது?" என்று கன்னியம்மா கேட்டார்.

பத்தர் யோசித்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "சில பேரு ஒடம்பு வாகு அப்பிடிம்மா. உள்ள கெட்ட நீரு இருந்தா வெள்ளியில காட்டிக் குடுத்துடும்" என்றார்.

வெள்ளி தப்பித்தது, அக்கா மாட்டிக்கொண்டாள். அப்பா கடைசிக் காலத்தில் அடிக்கடி புலம்புவார், "அது ஈயம்னே இருந்து தொலைச்சிருக்கலாம்டா" என்று. இந்த மனிதர்களில் யாருக்குமே ஒன்று தோன்றவில்லை. அதே உடம்பில்தான் குந்துமணி அளவு தங்கத்தில் தாலியும் இருந்தது, அது பளிச்சென்றுதான் இருந்தது. உடம்பில் விஷம் இருந்தால் தாலி மட்டும் எப்படித் தப்பியது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். நானும்தான் கேட்கவில்லை. அப்போது வேலூரில் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு என்றால் என்ன, ஷாஜகானுக்கு எத்தனை பிள்ளைகள் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

ஆடி மாதம்

ஆடிக்குப் புதுப்பெண்ணை அழைத்து வருவது வழக்கம். அப்பா போய் அக்காவைக் கூட்டிவந்தார். அம்மா கொலுசைத் திருநீறு போட்டுத் தேய்த்தாள், வெள்ளையாக வந்தது. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, கறுக்கவே இல்லை. அம்மா தினம் காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன் மகள் காலைப் பார்ப்பாள். அப்பா ஊர் வைத்தியரிடம் வாங்கி வந்த கஷாயம் வேலை செய்துவிட்டது என்று வீட்டில் ஒரே சந்தோஷம். மாதம் முடிந்ததும் "ஒடம்பு தேறிடுச்சு" என்று பெருமையோடு கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள்.

ஆம்பூரில் அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அதற்குள் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கல்யாணமானதிலிருந்து ஏகாம்பரத்துக்குக் கண் சிவந்து எரிந்தது, தலைவலி விடவில்லை. பிள்ளையைத் தவிர வேறு நாதியில்லாத ஒரு தாய் இதை எப்படிப் பார்ப்பாள்? மருமகள் தன் அம்மா வீட்டில் இருந்தால் வெள்ளி வெளுக்கிறது, தன் பிள்ளையோடு இருந்தால் கறுக்கிறது, பிள்ளைக்கோ கண் போகிறது. கன்னியம்மா தொட்டியிலிருந்து அந்தத் தோலை உருவி வெளியே போட்டார்.

ஏகாம்பரமே அக்காவைக் கொண்டுவந்து விட்டார். நான் லீவுக்கு வந்திருந்தேன். கிணற்றடியில் நின்று கண்ணைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"ரெண்டு மாசம் இருக்கட்டும் மாமா. அம்மா மனசு ஆறட்டும். நானே வந்து கூட்டிக்கினு போறேன்."

"இவளுக்கு ஒரு நோவும் இல்லப்பா. நீயாச்சும் நம்புறியா?" என்றார் அப்பா.

"நான் நம்பறேன் மாமா. அம்மாதான் அழுது பேஜார் பண்றாங்க."

போகும்போது அக்காவிடம் ஏதோ சொல்ல நினைத்துத் திரும்பிப் பார்த்தார். அவள் வாசலில் இல்லை. மாட்டுக்கொட்டகையில் இருந்தாள். அவர் மறுபடி வரவில்லை. அடுத்த வருஷம் குடியாத்தம் பக்கத்தில் அவருக்குப் பெண் எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. அதற்கடுத்து ஒரு பையன் பிறந்தான் என்று வந்தது.

அக்கா கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுக் களைவெட்டப் போனாள். ஊர்ப் பெண்கள் அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கினார்கள். விஷ உடம்புக்காரி என்று பெயர். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு யாரையாவது அடிக்கவேண்டும் போலிருக்கும்.

வேர்க்கடலைக் காட்டில்

இனி ஜாடிக்கு வருகிறேன். அக்கா திரும்பி வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, நான் வேலூரிலேயே காலேஜுக்கு வந்திருந்தேன். வகுப்பு முடிந்து வெளியே வந்த சாரிடம், இந்த வாயு வேறு எங்கே சார் வரும் என்று கேட்டேன்.

"ஏன், இங்கியே வருதேப்பா. தோல் கம்பெனிங்கள்ல இப்ப ஒரு மருந்து போடறாங்க பாரு, அதுல இருந்துதான் வருது. பொல்லாத விஷம். ஜாஸ்தியா மூக்குல போனா ஆளே காலி. கம்மியா இருந்தாக்கூட கண்ணைக் கெடுத்துடும்."

அந்தக் கறுத்த காசைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வாரக் கடைசியிலேயே ரயிலேறினேன். வழி முழுக்க மனசுக்குள் வழக்கு நடத்திக்கொண்டு போனேன். அப்பாவோடு ஆம்பூருக்குப் போவது, ஊரைக் கூட்டுவது, கன்னியம்மா முன்னால் காசைப் போடுவது. அக்காவுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அக்கா வேர்க்கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வாயு, கந்தகம், மருந்து, சட்டை, கால்வாய். காசையும் காட்டினேன். அவள் கையில் வாங்கிப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"ஒடம்பு காரணம் இல்லன்னு எனக்குத் தெரியும் தொரை."

"எப்படிக்கா?"

"அம்மாவக் கண்ணு பாக்க வேலூர் ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கினு போனன்ல, அங்க அவளப் பாத்தேன். அந்தக் குடியாத்தத்துப் பொண்ணு. கொழந்தைய மடியில போட்டுக்கினு ஒக்காந்திருந்தா. அவுரு தூரத்துல மருந்துக்கு நின்னுக்கினு இருந்தாரு, என்னைப் பாக்கல. அவ காலைப் பாத்தேன். கன்னங்கரேல்னு இருக்குது."

எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. "அப்புறம் இன்னாக்கா? இதைவிட இன்னா சாட்சி வேணும்?"

"அவளுக்கு நான் யாருன்னு தெரியல. பொடவைய இழுத்து இழுத்துக் கால மூடிக்கினா. 'எவ்ளோ புளி போட்டுத் தேச்சாலும் போமாட்டேங்குது அக்கா, மாமியா பாத்தா கொன்னுடும், மொதல்ல ஒருத்திய இதுக்குத்தான் தொரத்துனாங்களாம்'னு சொல்லிட்டு அழுவறா. புளி வேணாம், திருநீறு போட்டுத் தேய்னு சொல்லிக் குடுத்தேன். தெனம் மாமியா எழுந்திரிக்கறதுக்கு முன்ன தேச்சிடுன்னு சொன்னேன்."

அக்கா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ போய்க் காத்து, கந்தகம்னு சொன்னா அந்தம்மாக்கு இன்னா புரியும்? இவளுக்கும் கறுத்திருக்குன்றது மட்டும்தான் காதுல விழும். ஒருத்திய வெளிய போட்டவங்களுக்கு இன்னொருத்தியப் போட எவ்ளோ நேரம் ஆவும்? கைக்கொழந்த வேற."

"அப்ப உனக்கு?"

அவள் காசைத் திருப்பிக் கொடுத்தாள். குனிந்து ஒரு களையைப் பிடுங்கிவிட்டு, "அந்தக் காத்து கண்ணைக் கெடுக்கும்னு சொன்னியே, நெஜமா?" என்று கேட்டாள்.

"நெஜம்தான்."

"அப்ப போ. வெள்ளியப் பத்தி வாயத் தொறக்காத. கண்ணைப் பத்தி மட்டும் சொல்லிட்டு வா."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அப்பாவிடம் எதுவும் சொல்லாதே என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள்.

ஆம்பூரில் ஒரு மத்தியானம்

ஏகாம்பரம் சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். நல்லவேளையாகக் கன்னியம்மா வெளியே போயிருந்தார். என்னைப் பார்த்ததும் மனுஷனுக்கு நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"அஞ்சலை எப்பிடி இருக்குது?"

"இருக்கு மாமா."

சாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் சொன்னேன். தொட்டிக்குள் குனியாதீர்கள், தோல் கழுவிய அமிலத் தண்ணீரை அந்தக் கால்வாயில் விடாதீர்கள், விட்டால் வாயு ஒரேயடியாகக் கிளம்பும், உயிருக்கே ஆபத்து, முடிந்தால் முதலாளியிடம் கேட்டுப் பட்டைத் தொட்டி வேலைக்கு மாறிவிடுங்கள். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். பிறகு கம்பெனிச் சுவர்ப் பக்கம் பார்த்தார்.

"இந்த மருந்து எங்க கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னதான் வந்துச்சு. அப்ப புடிச்சிதான் கண்ணும்..." என்றவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "ஏன் தொரை, அஞ்சலை கொலுசு கறுத்துச்சே, அதுவும் இதாலதானா?"

காசு என் சட்டைப்பையில் இருந்தது. ஆமாம் என்ற ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் உள்ளேயிருந்து அந்தப் பெண் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். இடுப்பில் குழந்தை. அவளுக்கு என் அக்கா வயதுகூட இருக்காது. காலில் கொலுசும் மெட்டியும் அப்போதுதான் கடையில் வாங்கியவைபோல வெள்ளை வெளேரென்று மின்னின. கொஞ்சமும் கறுப்பில்லை.

ஏகாம்பரம் அந்தக் காலைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே அணைந்ததை நான் பார்த்தேன்.

"ம்ஹும். இருக்காது. இவளுக்கு ஒண்ணும் ஆவலியே" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொம்பைப் பிடித்த விரல் இடுக்குகளில் திருநீறு ஒட்டியிருந்தது. நான் சொம்பை வாங்கித் தண்ணீர் குடித்தேன்.